மக்கள் பட்டறைகள்: இலண்டன் கற்பித்த பாடம்

இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும், சில சிற்றூர்களிலுங்கூட, ஒரு புதுவகைப் பட்டறையைக் காணலாம். ஒரு மண்டபம், அதனுள்ளே கடைசல் இயந்திரம், பற்றாசுக் கருவி, மரவேலைச் சாமான்கள், கணினி, அக்கணினியின் கட்டளைப்படி ஒரு பொருளைப் படைபடையாக அடுக்கி உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி. அயலில் வாழும் எவரும் அங்கே சென்று பழுதான பொருளைத் திருத்தலாம். மனத்திற் தோன்றிய ஒன்றைச் செய்து பார்க்கலாம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டறியலாம். ‘மேக்கர் ஸ்பேஸ்’ என்றும் ‘ஃபாப் லாப்’ என்றும் இவற்றுக்குப் பெயர் வழங்குகிறது.

இப்பட்டறைகளின் பிறப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்கக் கணினி வல்லுநரிடமிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். கருவிகள் மலிந்தன, ஆகவே பட்டறைகள் தோன்றின என்பது அக்கதையின் சாரம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அக்கதையிலே ஓர் அத்தியாயம் விடுபட்டுள்ளது. ‘ஃபாப் லாப்’ என்ற பெயர் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டன் மாநகரில் மக்களுக்கான ஐந்து தொழில்நுட்ப நிலையங்கள் இயங்கின. அவற்றைத் தோற்றுவித்தது கருவிகளின் மலிவன்று. வேலை பறிபோகும் நிலையில் நின்ற தொழிலாளரின் போராட்டமே. அந்த அத்தியாயத்தை மீண்டும் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழைப்போருக்கென விஞ்ஞான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை பிரித்தானியாவிற் புதியதன்று. 1823ஆம் ஆண்டிலே இலண்டன் கைவினைஞர் நிறுவனம் தோன்றிற்று. அதற்கான அழைப்பை முதலில் விடுத்தவர்கள் ‘மெக்கானிக்ஸ் மகசீன்’ என்ற இதழை நடத்திய ஜே. சி. றொபேட்சனும் தோமஸ் ஹொட்ஜ்ஸ்கினுமாவர். நிறுவனம் கைவினைஞரின் சந்தாப் பணத்திலேயே நடைபெறல் வேண்டும், அதன் நிருவாகமும் அவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. செல்வரின் நன்கொடையைப் பெற்று விரைவிற் கட்டியெழுப்பலாம் என்றனர் மருத்துவர் ஜோர்ஜ் பேர்க்பெக்கும் பிரான்சிஸ் பிளேசும். பின்னவர் கருத்தே வென்றது. கைவினைஞர் நிறுவனம் காலப்போக்கிற் பேர்க்பெக் கல்லூரியாக வளர்ந்தது. தோற்ற ஹொட்ஜ்ஸ்கினோ 1825இல் மூலதனத்தின் உரிமை கோரலை மறுத்து உழைப்பின் சார்பில் ஒரு நூல் எழுதினார். கார்ல் மார்க்ஸ் கருத்தூன்றிக் கற்ற நூல்களுள் அதுவும் ஒன்று. அறிவின் வாயிலைத் திறப்பது எளிது. அவ்வாயிலின் திறவுகோல் யார் கையில் இருப்பது என்பதே சிக்கல். இச்சிக்கல் நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் வேறொரு வடிவில் மீண்டும் எழுந்தது.

1970ஆம் ஆண்டுகளில் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் என்பது பிரித்தானியாவின் பெரிய விமான உறுப்புத் தொழிற்சாலைகளுள் ஒன்று. நாடெங்கும் 17 இடங்களில் அதன் ஆலைகள் இருந்தன. அதன் உற்பத்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு இராணுவத் தேவைக்கானது. நிருவாகம் ஆட்குறைப்பிலும் ஆலை மூடுதலிலும் இறங்கியபோது, தொழிலாளர் தம்முள் இருந்த பழைய பிரிவினைகளைக் கடந்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்தனர். இயந்திரம் ஓட்டுவோர், வரைபடம் வரைவோர், பொறியியலாளர், விஞ்ஞானிகள் என வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தமை அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியே.

1974 நவம்பரில் அக்குழுவின் பிரதிநிதிகள் அன்றைய கைத்தொழில் அமைச்சர் ரொனி பென்னைச் சந்தித்தனர். நிறுவனத்தை அரசுடைமையாக்குதல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். அமைச்சரிடம் அதற்கான அதிகாரம் இருக்கவில்லை. தொழிலாளரே ஒரு மாற்றுத் திட்டத்தை வகுக்கலாமே என்ற யோசனையைக் கூறினார். குழுவினர் அதனை ஏற்றனர். இத்தகைய திறனும் இத்தகைய இயந்திரங்களும் உடைய தொழிலாளர் சமூகத்துக்குப் பயன்படும் எப்பொருளைச் செய்யலாம் என வினவிப் பல்கலைக்கழகங்களுக்கும் அறிஞர்களுக்கும் கடிதம் எழுதினர். ஏறத்தாழ 180 கடிதங்கள் போயின. விடையளித்தோரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அறிஞர் வாளாவிருக்கவே, குழுவினர் தம் தோழரிடமே திரும்பினர். ஒவ்வோர் ஆலைக்கும் வினாக்கொத்து அனுப்பப்பட்டது. உங்கள் ஆலையில் உள்ள இயந்திரங்கள் எவை? உங்களிடம் உள்ள திறன்கள் எவை? நீங்கள் எதைச் செய்தல் வேண்டும் என எண்ணுகிறீர்கள்? இக்கேள்விகளை அதுவரை எவரும் அவர்களிடம் கேட்டதில்லை. விடைகள் குவிந்தன. 1976 ஜனவரியில், ஏறத்தாழ 150 பொருள்களைப் பற்றிய கருத்துக்களுடன், ஆறு தொகுதிகளாகத் திட்டம் வெளிவந்தது. சிறுநீரக நோயாளருக்கான எளிதிற் கொண்டுசெல்லக்கூடிய குருதி சுத்திகரிப்புப் பொறி; வெளிக்காற்றின் வெப்பத்தை ஈர்த்து வீட்டுக்குள் செலுத்தும் வெப்பப் பம்பி; காற்றாலை; தெருவிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல வாகனம்; சிறிய எரியெந்திரம் ஒரே வேகத்தில் ஓடி மின்கலத்துக்கு மின்னேற்ற, மின்மோட்டர் சில்லுகளைச் சுழற்றும் கலப்பு வாகனம். எரியெந்திரமும் மின்மோட்டரும் இணைந்த கார் 1997இல் ஜப்பானிய நிறுவனமொன்றின் புதுமையாக உலகச் சந்தைக்கு வந்ததை நாம் அறிவோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அக்கருத்து வேலை இழக்கவிருந்த தொழிலாளரின் அறிக்கையில் இருந்தது.

அப்பொருள்களுள் ஒன்றின் கதை சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. முள்ளந்தண்டு குறைபாட்டுடன் பிறந்து நடக்க இயலாத குழந்தைகளுக்காக, அவர்கள் தாமே இயக்கக்கூடிய சிறு வண்டியொன்றை லூக்காஸ் தொழிலாளர் உருவாக்கியிருந்தனர். ‘ஹொப்கார்ட்’ என்பது அதன் பெயர். அவுஸ்திரேலியாவில் இந்நோயுற்ற குழந்தைகளுக்கான சங்கம் 2000 வண்டிகளை வாங்க முன்வந்தது. நிறுவனமோ, இது நமது உற்பத்தி வரிசைக்குப் பொருந்தாது எனக் கூறி மறுத்துவிட்டது. வண்டி ஓடவில்லை என்றோ, வாங்குவோர் இல்லை என்றோ எவரும் கூறவில்லை. எதை உற்பத்தி செய்வது என்பதைத் தொழிலாளர் தீர்மானிக்கலாகாது என்பதே மறுப்பின் உட்பொருள். மாற்றுத் திட்டம் முழுவதற்கும் நேர்ந்த கதி இதுவே.

இக்குழுவின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் மைக் கூலி. 1934இல் அயர்லாந்தின் ரூவம் என்னும் சிற்றூரிற் பிறந்த பொறியியல் வடிவமைப்பாளர், தொழிற்சங்கத் தலைவர். அவர் பெயரைத் தமிழில் எழுதுமிடத்து அது ‘கூலி’ என அமைவது தற்செயலே. ஆயினும் பொருந்தாப் பெயரன்று. 1980இல் அவர் எழுதிய நூலுக்கு ‘சிற்பியா, தேனீயா?’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலிற் கையாண்ட உவமையிலிருந்து பிறந்த தலைப்பு அது. கணினி வடிவமைப்பு முறை தொழிற்சாலையிற் புகுந்தபோது, தொழிலாளியின் கையில் உறைந்திருந்த அறிவு இயந்திரத்துக்கு மாற்றப்பட்டு, தொழிலாளி வெறும் ஏவலாளன் ஆக்கப்படுவதை அவர் தம் கண்ணாற் கண்டவர். தொழில்நுட்பம் இப்படித்தான் வளரவேண்டும் என்ற நியதி எதுவுமில்லை, அதன் போக்கை மனிதரே தெரிவு செய்கின்றனர் என்பது அவர் வாதம். 1981இல் லூக்காஸ் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டிலே, மாற்று நோபல் பரிசு எனப் பலரும் கூறும் ‘றைட் லைவ்லிஹூட்’ விருது அவருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டு மே மாதத்திலே இலண்டன் அரசியலிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பெரு இலண்டன் மாநகர சபைத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது; அதன் இடதுசாரிப் பிரிவைச் சேர்ந்த கென் லிவிங்ஸ்ரன் சபைத் தலைவரானார். நாடாளும் அதிகாரமோ மார்கிரட் தட்சரின் கையில். 1982 தொடக்கத்தில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது. தேம்ஸ் நதியின் ஒரு கரையிற் பாராளுமன்றம். மறு கரையில் மாநகர சபைக் கட்டடம். இலண்டனில் வேலையற்றோர் எத்தனை பேர் என்ற கணக்கைப் பாராளுமன்ற உறுப்பினர் கண்ணிற் படுமாறு தன் கட்டடத்தின் உச்சியிலே பெரிய எழுத்திற் பொறித்து வைத்தது அச்சபை.

எதிர்ப்புக் காட்டுவதோடு சபை நின்றுவிடவில்லை. பெரு இலண்டன் தொழில்முயற்சி வாரியம் என்ற அமைப்பை நிறுவி, அதன் தொழில்நுட்பப் பிரிவுக்கு மைக் கூலியைப் பணிப்பாளராக்கியது. லூக்காஸ் திட்டத்தின் வரலாற்றை டேவ் எலியட்டுடன் சேர்ந்து எழுதிய ஹிலாரி வெயின்றைற் சபையின் மக்கள் திட்டமிடற் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு நிறுவனத்தின் மதிலுக்குள் தோற்ற கருத்து ஒரு மாநகரத்தின் கொள்கையாக உயர்ந்தது. அதன் விளைவே ‘தொழில்நுட்ப வலையமைப்புகள்’.

அவை ஐந்து. வீட்டு எரிசக்திக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, கணினி முதலிய புதிய தொழில்நுட்பங்களுக்கு ஒன்று. எஞ்சிய இரண்டும் நகரின் இரு பகுதிகளுக்குரியவை. பல்கலைக்கழகங்களிலும் பொலிரெக்னிக் கல்லூரிகளிலும் ஆய்வுகூடங்கள் உள்ளன, வீதியிலே தேவைகளும் திறமைகளும் உள்ளன, இரண்டுக்குமிடையே பாலமில்லை. அந்தப் பாலமாக இந்நிலையங்கள் இருத்தல் வேண்டும் எனத் திட்டமிட்டோர் கருதினர். கல்லூரி வளவுக்குள் நுழையச் சாதாரண மக்கள் தயங்குவர் என்பதை உணர்ந்து, நிலையங்களை மக்கள் நடமாடும் இடங்களில் அமைக்க முயன்றனர். இயந்திரங்களும் கருவிகளும் அவற்றைப் பயன்படுத்தக் கற்பிக்கும் தொழில்நுட்பவியலாளரும் அங்கிருந்தனர். வேலையிழந்த கடைசற்காரர், கூட்டுறவு அமைக்க விரும்பிய பெண்கள், குடியிருப்பாளர் சங்கத்தினர் எனப் பலரையும் எதிர்பார்த்துக் கதவு திறந்திருந்தது.

மின்சாரத்தால் இயங்கும் துவிச்சக்கர வண்டி, சிறிய காற்றாலை, உடல் ஊனமுற்றோருக்கான சாதனங்கள், சிறுவர் விளையாட்டு உபகரணங்கள், பழைய பொருளைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தும் முறைகள், சமூகக் கணினி இணைப்புகள் ஆகியன அங்கு முயன்று பார்க்கப்பட்டன. பெண்கள் நடத்திய தகவல் தொழில்நுட்பக் கூட்டுறவொன்றும் உருவாயிற்று. உருவான வடிவமைப்புகள் ‘பொருள் வங்கி’ ஒன்றிலே பொதுச் சொத்தாக வைக்கப்பட்டன. சமூகப் பயனுள்ள உற்பத்தியில் ஈடுபடுவோர் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒருவர் கண்டுபிடிப்பை மற்றவர் காணாமற் காப்புரிமைப் பூட்டிட்டு வைக்கும் உலகிலே, இது சிறிய செயலன்று.

எனினும் இவ்வமைப்புகளின் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது ஒரு பொருளில் அன்று. அது எரிசக்தி வலையமைப்பின் வேலையில் வெளிப்பட்டது. இலண்டனின் பொது வீட்டுத் தொகுதிகள் பலவற்றிலே குளிர்காலத்தில் சுவர்களில் ஈரம் கசியும், பூஞ்சணம் படரும், குழந்தைகள் இருமுவர். முறையிட்டால், உங்கள் சமையல் நீராவியும் வீட்டுக்குள் உலர்த்தும் துணியுமே காரணம், யன்னலைத் திறந்து வையுங்கள் எனப் புத்தி கூறி அனுப்பிவிடுவது அதிகாரிகளின் வழக்கம். வீட்டின் வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அளக்கும் முறை வலையமைப்பின் மூலம் குடியிருப்பாளருக்குக் கிட்டியது. அளந்து பார்த்தவருக்கு உண்மை விளங்கிற்று: குறை வாழ்வோரின் பழக்கத்திலன்று, வீடு கட்டப்பட்ட முறையிலேயே உள்ளது. தனித்தனி வீட்டின் தொல்லை என எண்ணியிருந்தது தொகுதி முழுவதற்கும் பொதுவானது எனக் கண்டனர். ‘வெப்பத்துக்கான உரிமை’ என்ற இயக்கம் பிறந்தது. அளவுகருவி மக்கள் கையில் வந்தபோது முறைப்பாடு கோரிக்கையாயிற்று, கோரிக்கை இயக்கமாயிற்று. தொழில்நுட்பம் மக்கள்மயப்படுதல் என்பதன் பொருளை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

இவ்வமைப்புகள் குறையற்றவை எனக் கூறுவது வரலாற்றுக்கு நாம் இழைக்கும் தவறாகும். நிலையங்களில் இருவகை நோக்கங்கள் மோதின. நல்ல பொருளைச் செய்து சந்தைக்கு அனுப்பி வேலைவாய்ப்பை உண்டாக்குவதே முதற் கடமை என்றனர் ஒரு சாரார். மக்களை ஒன்றுதிரட்டி, தொழில்நுட்பம் பற்றிய தீர்மானத்திற் பங்குகொள்ளச் செய்வதே முதற் கடமை என்றனர் மற்றவர். முதல் நோக்கம் மேலோங்கிய இடங்களில், பயிற்சியும் கருவி மேல் ஆசையும் உடைய தொழில்நுட்பவியலாளரே பட்டறையை நிறைத்தனர், அயலார் பார்வையாளராயினர். படித்தவர் பேச்சுக்கும் பட்டறைத் தொழிலாளி பேச்சுக்குமிடையே இருந்த தூரம் கதவைத் திறந்து வைத்த அளவிற் குறைந்துவிடவில்லை. மாதிரிப் பொருள்கள் பல உருவாகியும் அவற்றைப் பெருமளவில் உற்பத்தி செய்ய மூலதனம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆலைகளை விழுங்கிக்கொண்டிருந்த பொருளாதாரப் புயலின் நடுவே ஐந்து நிலையங்கள் எம்மாத்திரம்?

இக்குறைகள் காலப்போக்கில் திருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் காலம் அளிக்கப்படவில்லை. எதிர்க்கரையிலிருந்த சபையை வாதத்தால் வெல்ல முடியாத தட்சர் அரசு, சட்டத்தால் அதனை ஒழித்தது. 1985இல் சட்டம் நிறைவேறிற்று. 1986 மார்ச் 31ஆந் திகதியுடன் பெரு இலண்டன் மாநகர சபை இல்லாதொழிந்தது. அதன் நிதியிலும் ஆதரவிலும் வளர்ந்த வலையமைப்புகள் வேரற்ற கொடியாயின. எரிசக்தி ஆலோசனை போன்ற சில பணிகள் வேறு வடிவில் நீடித்தன. மக்கள் தொழில்நுட்பம் என்ற பெரும் முயற்சியோ மறதியில் மூழ்கிற்று.

மறக்கப்பட்ட கருத்து இறந்துவிடுவதில்லை. வேறிடத்தில் வேறு பெயருடன் முளைக்கிறது. 1998இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் நீல் கேர்ஷென்ஃபெல்ட் எதையும் செய்யக் கற்பிக்கும் பாடநெறியொன்றைத் தொடங்கினார். அதன் வழிவந்த ‘ஃபாப் லாப்’ 2003இல் பொஸ்ரன் நகரின் தெற்குப் பகுதியில் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. அதற்கு இடமளித்தவர் கறுப்பின மக்களின் உரிமைப் போராளியான மெல் கிங். அந்நிலையம் அமைந்த குடியிருப்புக்குக் ‘கூடார நகர்’ என்று பெயர். 1968இல், வீடுகளை இடித்து வாகனத் தரிப்பிடமாக்கிய நிலத்திலே அவரும் அயலாரும் கூடாரமடித்துப் போராடியதன் நினைவே அப்பெயர். ஆக, புதிய பட்டறையும் போராட்ட மண்ணிலேயே கால்கொண்டது. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்துப் பாபல் கிராமத்திலும் 2002 அளவிலேயே இத்தகைய ஆய்வுகூடம் அமைந்தது. பாடசாலையை இடைவிட்ட கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செயல்வழிக் கல்வி புகட்டுவதற்கெனக் கலாநிதி கல்பாக் 1983இல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமமே அதனை ஏற்றது.

இன்று இவ்வகைப் பட்டறைகள் உலகில் ஆயிரத்துக்கு மேற்பட்டுவிட்டன. மகிழவேண்டிய செய்தியே. ஆயினும் மகிழ்ச்சி நம் கண்ணை மறைத்தலாகாது. பிரித்தானியாவின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்றியன் பவுயர் 2005இல் தொடங்கிய ‘றெப்றாப்’ முயற்சியின் வடிவங்கள் யாவரும் எடுத்துத் திருத்தும் பொதுச் சொத்தாக வெளியிடப்பட்டன. அப்பொதுச் சொத்தின் மேல் எழுந்த அமெரிக்க நிறுவனமாகிய ‘மேக்கர்பொட்’ 2012இல் தன் புதிய அச்சுப்பொறியின் வடிவத்தை வெளியிட மறுத்தது. மறு ஆண்டு பெரிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. பலர் கூடி உழுத வயலில் ஒருவன் வேலியடைத்த கதை இது. அதே 2012இல், அமெரிக்கப் பாடசாலைகளிற் பட்டறைகள் அமைப்பதற்கான திட்டமொன்றுக்கு அந்நாட்டு இராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பாகிய ‘டார்ப்பா’ நிதி வழங்க முன்வந்தது. பட்டறை இயக்கத்தினுள்ளேயே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆயுத உறுப்பு செய்வதை விடுத்து நோயாளிக்கும் குழந்தைக்கும் பயன்படும் பொருளைச் செய்ய விரும்பிய லூக்காஸ் தொழிலாளரின் நினைவு அங்கு இருந்திருப்பின், அந்நிதியைப் பற்றிய விவாதம் இன்னும் கூர்மை பெற்றிருக்கும்.

கருவி ஒன்றே, அது யாருடைய தேவைக்காகச் சுழல்கிறது என்பதே வேறுபாடு. லூக்காஸ் தொழிலாளர் இந்தக் கேள்வியைத் தம் வேலையைப் பணயம் வைத்துக் கேட்டனர். இலண்டன் வலையமைப்புகள் அதற்கு விடை காணும் முயற்சியிற் பாதி வழி சென்றன. புதிய பட்டறைகள் பலவற்றிற் கருவிகள் முன்னையவற்றினும் சிறந்தவை. கேள்வி மட்டும் மங்கிவிட்டது.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நமக்கு இவ்வரலாறு ஒரு சங்கடத்தையும் உண்டாக்குகிறது. 180 கடிதங்களுக்கு விடை எழுதாதிருந்தவர் யாவர்? படித்தவர், கற்பிப்போர், அறிவைத் தொழிலாகக் கொண்டோர். அவர்கள் தீயவரல்லர். கையால் உழைப்பவன் தம்மிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்று இருக்கும் என அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை; அவ்வளவே. தலையால் உழைப்போரென்றும் கையால் உழைப்போரென்றும் மாணவரைப் பதினாறு வயதிற் பரீட்சையாற் பிரித்து, ஒரு பகுதியினரைப் பல்கலைக்கழகத்துக்கும் மறு பகுதியினரைப் பட்டறைக்கும் அனுப்பி, பின்னர் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லையே எனக் கவலைப்படுவதிற் பயனில்லை. அப்பிரிவினையில் நமக்கும் பங்குண்டு.

மைக் கூலி 2020 செப்டெம்பரிற் காலமானார். அவரும் தோழரும் வகுத்த ஆறு தொகுதித் திட்டத்தை எந்த நிறுவனமும் நிறைவேற்றவில்லை. அவர்கள் அனுப்பிய வினாக்கொத்தோ இன்னும் விடை வேண்டி நிற்கிறது. உங்களிடம் உள்ள கருவிகள் எவை? உங்களிடம் உள்ள திறன்கள் எவை? எதைச் செய்தல் வேண்டும் என எண்ணுகிறீர்கள்? அடுத்த முறை ஒரு வகுப்பறைக்குள் நுழையும்போது, பாடநூலைத் திறப்பதற்கு முன்னர் இம்மூன்று கேள்விகளையும் நம் மாணவரிடம் கேட்டுப் பார்ப்போம். கேட்டுவிட்டு, அவர்கள் விடை கூறி முடிக்கும்வரை காத்திருப்போம்.